வெளிநாட்டு ஓனர் சார்பில் வாடகைதாரரைக் காலி செய்ய வைப்பது – பவர், நோட்டீஸ், வழக்கு: எதில் தொடங்குவது?

கோவை பராமரிப்பு (கேள்வி)

வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களுக்காக வீடு பார்த்துக்கொள்ளும் வேலை. வாடகை வசூல், ரிப்பேர், சொத்து வரி இதெல்லாம் பழகியதுதான். இப்போது இரண்டு வீடுகளில் ஒரே சமயத்தில் ஆளைக் காலி செய்ய வேண்டிய நிலை.

முதல் வீடு: மாத வாடகை 18,000, அட்வான்ஸ் 54,000. பதினோரு மாத ஒப்பந்தம். 2023-ல் எழுதியது, ஒவ்வொரு முறையும் புதுப்பித்து அரசின் வாடகைப் பதிவுத் தளத்தில் பதிந்து எண் வாங்கியிருக்கிறது. நடப்பு ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. நாலு மாத வாடகை பாக்கி. கேட்டால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்கிறார். ஒப்பந்தம் போட்டவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், இப்போது இருப்பது அவருடைய உறவினர் என்றும் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

இரண்டாவது வீடு: 2012-லிருந்து ஒரே குடும்பம். அப்போது எழுதிய பதினோரு மாதப் பத்திரத்தோடு சரி, பிறகு எதுவும் எழுதவில்லை. வாடகை மட்டும் தவறாமல் வருகிறது. ஓனர் வீட்டை விற்கப் போகிறார், காலியாக வேண்டும் என்கிறார்.

கையில் இருப்பது வெளிநாட்டு நோட்டரி முன் கையெழுத்தான ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்). அதில் "வாடகை வசூலிக்கவும் பராமரிக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்து நோட்டீஸ் விடலாமா? வழக்கு எங்கே போட வேண்டும்? முதல் வீட்டுக்குத் தண்ணீரை அடைத்தால் தானாகப் போய்விடுவார் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்கிறார். ஓனருக்கும் அதில் ஆசை இருக்கிறது. செய்யலாமா?

---

வக்காலத்து

தண்ணீரைத் தொடவே வேண்டாம், காரணம் கீழே யாராவது விரிவாகச் சொல்வார்கள். முதலில் உங்கள் பவரைப் பார்ப்போம். ஓனருக்காகக் காலி செய்ய வைக்கும் வழக்குகளில் வாடகைதாரரின் வக்கீல் முதலில் குடைவது அந்தக் காகிதத்தைத்தான்.

"வசூலிக்க, பராமரிக்க" என்ற வாசகத்தை வைத்து வாடகை வாங்கலாம், ரசீது கொடுக்கலாம். வழக்குப் போட அது போதாது. பவரில் இருப்பதை நீதிமன்றம் நீட்டிப் படிக்காது. எந்த அதிகாரம் எழுத்தில் இருக்கிறதோ அதுதான். புதுப் பவர் வாங்குங்கள். அதில் தனித்தனி வரிகளாக வர வேண்டியவை: வாடகை ஒப்பந்தத்தை முடித்து நோட்டீஸ் விட, நம்மைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்ற கேவியட் மனு தாக்கல் செய்ய, வக்கீல் வைத்து வக்காலத்தில் கையெழுத்திட, மனுவிலும் பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்திட, சாட்சி சொல்ல, சமரசம் செய்துகொள்ள, நீதிமன்றத்தில் பணம் கட்டவும் எடுக்கவும், மேல்முறையீடு செய்ய, உத்தரவை நடைமுறைப்படுத்த நிறைவேற்று மனு போட, வீட்டின் சுவாதீனத்தை நேரில் பெற்றுக்கொள்ள. கடைசி இரண்டும்தான் அதிகம் விட்டுப்போகிறவை. உத்தரவு கையில் இருந்தும் சாவி வாங்க அதிகாரம் இல்லாமல் நிற்க வேண்டிவரும். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓனர் என்றால் ஒரே பவரில் இரண்டு சொத்து விவரத்தையும் கதவு எண், சர்வே எண், நான்கெல்லையோடு போடலாம். விற்கும் அதிகாரத்தை இதில் கலக்காதீர்கள். அதற்கான நடைமுறை வேறு, செலவும் வேறு.

கையெழுத்து அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பத்தோடு நடக்கட்டும். அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அந்த நாட்டு அரசு தரும் சான்று) முறை உள்ள நாடாக இருந்தால் நோட்டரியும் அப்போஸ்டிலும் சேர்ந்தால் போதும். மூலம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இது இந்திய முத்திரைச் சட்டம் 18-வது பிரிவு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தால் தீர்வை நிர்ணயித்துத் தருவார்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. மூன்று மாதம் தாண்டினால் அபராதத்தோடு சரிசெய்ய வேண்டியிருக்கும், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு வாய்தா வாங்கும்.

சொத்து இரண்டு பேர் பெயரில் இருந்தால் இரண்டு பேருமே பவர் தருவது நல்லது. மற்றவர் ஆட்சேபிக்காதவரை ஒரு கூட்டு உரிமையாளரே காலி செய்யக் கேட்டு வழக்குப் போடலாம் என்பது நிலைத்த சட்டம்தான். இருந்தும் வீண் வாதத்துக்கு ஏன் இடம் கொடுப்பது? பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றே முடிந்தது. அதன் பிறகு வாரிசுகள் புதிதாகத் தர வேண்டும்.

சாட்சியம் பற்றி ஒன்று. பவர் ஏஜென்ட் தனக்கு நேரடியாகத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும், ஓனருக்கு மட்டுமே தெரிந்ததை அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரில் ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் சொன்னது. 2010-ல் மான் கவுர் வழக்கில் அதை இன்னும் தெளிவாக்கியது. வாடகை பாக்கி உங்கள் கையால் வசூலான கணக்கு, அதனால் நீங்களே சொல்லலாம். "எனக்கே வீடு வேண்டும்" என்ற காரணத்தில் போனால் அந்தத் தேவையை ஓனர்தான் சொல்ல வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் காணொளி வழியாகச் சாட்சியம் பதிய அனுமதி கேட்டு மனு போடலாம். ஏஜென்ட்டாகக் கையெழுத்திடலாமே தவிர வக்கீலைப் போல எழுந்து வாதாட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

கணக்கு நோட்டு

முதல் வீட்டு நோட்டீஸைப் பற்றி எழுதுகிறேன். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

உங்களுக்குப் பொருந்துவது 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் (தமிழ்நாடு சட்டம் 42/2017). 1960-ம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 22.02.2019 முதல் இது அமலில் இருக்கிறது. பழைய சட்டத்துப் படிவங்களை இன்னமும் நகல் எடுத்துத் தருபவர்கள் உண்டு, அவற்றைத் தொடாதீர்கள். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலி செய்யக் கேட்கலாம், ஆனால் 21(2)-ல் உள்ள காரணங்களில் ஒன்று வேண்டும். பாக்கிக்கு 21(2)(பி). அதன் கணக்கு இதுதான்: இரண்டு மாத வாடகையும் மற்ற கட்டணங்களும் நிலுவையில் இருக்க வேண்டும், எழுத்தில் கேட்டு நோட்டீஸ் போக வேண்டும், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வராமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் மனு நிற்கும். நோட்டீஸ் சேர்ந்த 25-ம் நாளில் அவசரப்பட்டு மனு போட்டு, "காலம் வரவில்லை" என்று தள்ளுபடியாவது சாதாரணமாக நடக்கிறது. ஒப்புகை அட்டையில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள், தபாலில் போட்ட தேதியிலிருந்து அல்ல.

நோட்டீஸ் சேர்க்கும் முறைக்குச் சட்டம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106(4)-ஐக் காட்டுகிறது. எழுத்தில், நோட்டீஸ் தருபவரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்திட்டு, தபாலில் அனுப்பலாம். நேரில் அவரிடமோ, அவர் வசிக்கும் இடத்தில் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். இரண்டும் நடக்காவிட்டால் சொத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டலாம். சரியான முகவரிக்குப் போன தபால் "வாங்க மறுத்தார்" என்று திரும்பினாலும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும், அந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். உங்கள் ஆள் ஊரை விட்டுப் போயிருக்கிறார் என்பதால் வாடகை வீட்டு முகவரி, ஒப்பந்தத்தில் உள்ள நிரந்தர முகவரி, தெரிந்தால் புது முகவரி, மூன்றுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். உள்ளே இருப்பவருக்கும் ஒரு நகல். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது கூடுதலாக இருக்கட்டும், அதையே நம்ப வேண்டாம். அந்த உரையாடலைப் பிறகு சான்றாக்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், போனை மாற்றினாலும் பழையதை அழிக்காதீர்கள்.

தொகையில் தவறக் கூடாது. மாதம், வாடகை கெடு தேதி, வந்த தொகை, வந்த தேதி, மீதி என்று ஒரு அட்டவணை போட்டு நோட்டீஸோடு இணையுங்கள். பராமரிப்புக் கட்டணம் தனிப் பத்தியில். ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வாடகைதாரர் வருமான வரி பிடித்தம் செய்திருக்கலாம். பிடித்துக் கட்டிய தொகை பாக்கி ஆகாது. ஓனரின் வரிக் கணக்கில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே 72,000 என்ற எண்ணை எழுதுங்கள். கட்டப்பட்ட பணத்தைப் பாக்கி என்று கேட்டால் நோட்டீஸ் முழுவதையும் நம்பாமல் போகச் செய்ய அது ஒன்றே போதும்.

அட்வான்ஸ்: அது பாதுகாப்புத் தொகை, வாடகை அல்ல. "நடப்பு வாடகைக்குக் கழிக்கப்படாது" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு நோட்டீஸிலேயே பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் வழக்கில் கழித்தாலும் 18,000 நிற்கிறது, அதையும் ஒரு வரியில் எழுதலாம். இருந்தும் கழிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்டால் நிலுவை ஒரே மாதமாகச் சுருங்கி (பி) காரணமே போய்விடும். வாடகைதாரர்கள் இதைக் கேட்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இன்னொன்று, நோட்டீஸ் கெடு ஓடும்போது அவர் ஜீபேயில் 5,000 போடுவார். திருப்பி அனுப்பலாம். வைத்துக்கொள்வதானால் "பழைய பாக்கியில் வரவு வைக்கப்பட்டது, நோட்டீஸ் திரும்பப் பெறப்படவில்லை" என்று அன்றே எழுதி அனுப்புங்கள். பேசாமல் வைத்துக்கொண்டால் நோட்டீஸைக் கைவிட்டதாக வாதிடுவார்கள். முழுப் பாக்கியையும் ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் இந்த முறை அவரைக் காலி செய்ய முடியாது. அந்தச் சலுகை மறுபடி மறுபடி கிடைப்பதில்லை, ஆகவே கட்டிய தேதியைக் குறித்து வையுங்கள்.

---

சாவிக்கொத்து

உறவினர் விஷயம். தங்கியிருப்பது மட்டும் உள்வாடகை ஆகாது. ஒப்பந்தக்காரர் வீட்டின் மீதுள்ள பிடியை முழுதாக விட்டு வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார் என்று காட்ட வேண்டும். சங்கத்தின் வாகன நிறுத்தப் பதிவேட்டில் யார் வண்டி, பார்சல் யார் பெயருக்கு வருகிறது, பராமரிப்புப் பணம் யார் கணக்கிலிருந்து வருகிறது, கேஸ் இணைப்பு யார் பெயரில், இவை பேசும். அக்கம்பக்கத்துச் சொல்லை மட்டும் நம்பி எழுதினால் குறுக்கு விசாரணையில் கரைந்துவிடும். சான்று கிடைத்தால் பாக்கியோடு இதையும் இரண்டாவது காரணமாகச் சேர்க்கலாம், சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை அனுமதிக்கிறது. எப்படியும் உள்ளே இருப்பவரை வழக்கில் இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். விட்டால் கடைசி நாளில் "என் மேல் உத்தரவு இல்லை" என்று கதவை மறித்து நிற்பார்.

தண்ணீர், மின்சாரம், லிப்ட், படிக்கட்டு விளக்கு, துப்புரவு இவற்றில் எதையும் ஓனரோ அவர் வைத்த மேலாளரோ தடுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. "மேலாளர்" என்று சட்டத்தில் தனியாக எழுதியிருக்கிறது, நீங்கள் ஓனரின் பின்னால் ஒளிய முடியாது. வாடகைதாரர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு போட்டால் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வரும். பூட்டை மாற்றினால் இன்னும் மோசம். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உரிமை யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் வீட்டைத் திரும்பப் பெறலாம், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. ஆள் வைத்து மிரட்டினால் குற்ற வழக்கில் முதல் பெயர் உங்களுடையது. ஓனர் விமானம் ஏறி வரப்போவதில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் காலி செய்யவும் முடியாது, சிவில் விஷயம் என்று மனு ரசீதோடு அனுப்பிவிடுவார்கள்.

மேலாளராக வேலை பார்ப்பவர் தன் பெயர், அதிகாரத்துக்கான ஆதாரம், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு நியமனம் என்பதை வாடகைதாரருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இது இல்லையென்றால் புதுப் பவர் வந்ததும் ஓனர் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "காலி பண்ணிக் கொடுத்தால் இவ்வளவு" என்று ஓனரிடம் கூலி பேசாதீர்கள். அந்தப் பேரமே தவறான வழிக்குத் தள்ளும். மாதக் கட்டணம், நீதிமன்றச் செலவு தனி என்று எழுத்தில் வைப்பதுதான் முறை.

நோட்டீஸ் போன கையோடு கேவியட். வாடகைதாரர் சிவில் நீதிமன்றத்துக்குப் போய் "பலவந்தமாகக் காலி செய்யப் பார்க்கிறார்கள்" என்று உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்குவதை அது தடுக்கும். 90 நாள்தான் ஆயுள், தேதி குறித்துப் புதுப்பியுங்கள்.

---

கோவை பராமரிப்பு

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் விஷயத்தைச் செயலாளரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். முதல் வீடு தெளிவாகிவிட்டது. இரண்டாவது வீட்டில் பாக்கியே இல்லை, எந்தக் காரணத்தில் போவது? "விற்கிறோம்" என்று நோட்டீஸ் விட்டால் போதுமா?

---

வக்காலத்து

போதாது. விற்பது 21(2)-ல் தனிக் காரணம் அல்ல. குடியிருப்பவர் இருக்கும்போதே விற்கலாம், வாங்குபவர் அவரையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். வாடகைதாரரே எழுத்தில் காலி செய்வதாகச் சொல்லி, அதை நம்பி ஓனர் விற்பனை ஒப்பந்தம் போட்டிருந்தால் கதை வேறு. விற்கும் எண்ணத்தை மறைத்து "சொந்தத் தேவை" என்று மனு போடச் சொல்லும் ஆட்கள் வருவார்கள், செய்யாதீர்கள். குறுக்கு விசாரணையில் வீட்டுத் தரகர் விளம்பரத்தின் நகலை நீட்டினால் வழக்கும் போச்சு, ஓனரின் சொல்லுக்கு மதிப்பும் போச்சு.

உங்களுக்கு வழி 21(2)(ஏ). சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிய வாடகையையும் எழுத்தில் கொண்டுவந்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று 4-வது பிரிவு சொல்கிறது. அப்படி ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதே (ஏ) காரணம். 2012 பத்திரம் காலாவதியாகி வாய்மொழியாகத் தொடர்வதால் உங்கள் வீடு இதில் வரும். மனுவில் வாடகை தொடங்கிய தேதியைத் தெளிவாக எழுதுங்கள். 22.02.2019-க்கு முந்தியதா பிந்தியதா என்பதைப் பொறுத்துத்தான் வாடகை நீதிமன்றமா, சிவில் நீதிமன்றமா என்ற கேள்வியே எழும். 2012 பத்திரம், அந்தக் காலத்து வங்கி வரவுகள், அவர் கையெழுத்துள்ள பழைய ரசீதுகள் எல்லாம் அதற்குச் சான்று.

மனு தாக்கலாவது வாடகை நீதிமன்றத்தில், ஆர்.எல்.டி.ஓ.பி. (வாடகை வழக்கு மனுவின் சுருக்கப் பெயர்) என்ற எண்ணில். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றங்களே வாடகை நீதிமன்றங்களாக இருக்கின்றன. வாடகை அதிகாரியும் வாடகை நீதிமன்றமும் வேறு வேறு. ஒப்பந்தப் பதிவு, தண்ணீர் மின்சாரம் போன்றவை அதிகாரியிடம், காலி செய்யும் உத்தரவு நீதிமன்றத்தில் மட்டும். மாற்றிக் கொடுத்து மாதங்களை இழக்காதீர்கள்.

ஆனால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பம் அது. வழக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளின் பள்ளி வருஷம் முடியும் வரை அவகாசம், கடைசி இரண்டு மாத வாடகை தள்ளுபடி, வண்டிக் கூலி, இப்படி ஓனர் கொடுப்பது வழக்குச் செலவையும் விற்பனை தாமதத்தையும் பார்த்தால் சிறிய தொகை. ஒத்துக்கொண்டால் வெறும் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி நிறுத்திவிடாதீர்கள், அதை வைத்து யாரையும் வெளியேற்ற முடியாது. மனு போட்டு, இன்ன தேதிக்குள் காலி செய்வதாக இருவரும் கையெழுத்திட்ட கூட்டுக் குறிப்பாணை தாக்கல் செய்து, அதன் பேரில் உத்தரவு வாங்குங்கள். லோக் அதாலத் தீர்வும் அதே பலன் தரும், அதன் மேல் அப்பீல் கிடையாது.

---

அமீனா தேதி

உத்தரவு வந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் உத்தரவோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அங்கேயும் ஒரு கேவியட் போட்டு வையுங்கள். அதற்கு மேல் உயர் நீதிமன்றம் போனால் பெரும்பாலும் காலி செய்யச் சில மாத அவகாசமும், அதற்கு உறுதிமொழிப் பிரமாணப் பத்திரமும் என்று முடியும். ஒப்பந்தம் முடிந்தோ உத்தரவு வந்தோ காலி செய்யாமல் இருக்கும் காலத்துக்கு இரட்டிப்பு வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதை மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது மாத வாடகையைக் கட்டச் சொல்லித் தனி மனுவும் உண்டு, முதல் வீட்டில் அதை முதல் வாய்தாவிலேயே போடுங்கள்.

காலி செய்யாவிட்டால் நிறைவேற்று மனு. நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து சுவாதீனம் எடுத்துத் தருவார். வீடு பூட்டியிருந்தால் பூட்டை உடைக்கத் தனி உத்தரவு வேண்டும், எதிர்ப்பு வரும் என்று தெரிந்தால் போலீஸ் பாதுகாப்புக்கும் தனி உத்தரவு. இரண்டையும் முன்கூட்டியே வாங்காமல் அமீனாவை அழைத்துப் போனால் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள், அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியவை: பவரின் மூலம், உத்தரவின் சான்றிட்ட நகல், பூட்டுத் திறப்பவர், புதுப் பூட்டு இரண்டு, உள்ளே இருக்கும் பொருட்களைப் பட்டியலெழுத ஆள், கையெழுத்திட இரண்டு சாட்சிகள், தொடக்கம் முதல் நிறுத்தாமல் வீடியோ. பொருட்களைத் தெருவில் வைக்காதீர்கள். பட்டியலிட்டு அமீனா சொல்கிறபடி ஒப்படையுங்கள், இல்லையென்றால் நகை காணோம் என்று புகார் வரும். மின் மீட்டர் அளவைப் படம் எடுங்கள். சுவாதீன ரசீதில் உங்கள் பெயர் "பவர் ஏஜென்ட்" என்ற குறிப்போடு இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

தானாகக் காலி செய்தால் சாவி ஒப்படைப்புக் கடிதம் வாங்குங்கள். தேதி, எத்தனை சாவி, மீட்டர் அளவு, சேதங்கள், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்ற வரி, குடும்பத்தில் பெரியவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் வங்கி வழியாகத் திருப்புங்கள். பெயின்ட், குழாய் என்று கழிப்பதானால் ரசீதோடு கழியுங்கள். சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்தைக் கழிக்கக் கூடாது. ஓனர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பத் தாமதமாகும் என்றால், காலி செய்யும் தேதி உறுதியான அன்றே அட்வான்ஸ் தொகையை இங்கே உள்ள அவருடைய கணக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.